பிள்ளைகளுக்கு ஒன்றும் ஆகாது

ஓய்வு பெற்றவள் என்று சொல்லிக்கொள்ள எனக்கு வயது போதாது. மூத்தவளுக்கு நாலு வயது. இளையவன் இன்னும் கைக்குழந்தை. ஆனாலும் மலேரியாத் தடுப்பு வேலையை விட்டு நான் நின்று ஒரு வருஷத்துக்கு மேலாகிறது. இனித் திரும்பப் போவதாகவும் இல்லை. பார்த்து முடித்த வேலையைப் பற்றி எழுத வயதா முக்கியம் என்று என் வீட்டுக்காரர் கேட்டார். அவர் கேட்ட பிறகும் எழுதி எழுதிக் கிழித்துப் போட்டுவிட்டுத்தான் இதை எழுதுகிறேன்.

எழுத வைத்தவள் கமலம். என் இடத்தில் வேலைக்கு வந்திருக்கும் பெண். போன வாரம் தென்காசியில் எங்கள் வீட்டுக்கு வந்து, தொட்டிலை ஆட்டிக்கொண்டே பேசிக்கொண்டிருந்தாள்.

"இனிமே கரண்டியைத் தூக்கிக்கிட்டு வாய்க்கால் வாய்க்காலா அலைய வேண்டாம் அக்கா. எண்ணெயும் வேண்டாம். புதுசா ஒரு வெள்ளைப் பொடி வருது. சண்டையில பட்டாளத்துக்காரங்களுக்குக் குடுத்தது. வீட்டுச் சுவர்ல அடிக்கலாம், தண்ணியிலயும் தூவலாமாம். மழை முடிஞ்சதும் ஆரம்பம். முதல்ல எந்த ஊர் தெரியுமா?"

ஊரின் பெயரைச் சொன்னாள். சுந்தரபாண்டியபுரத்துக்கு அப்பால், கரையில் நின்றால் எதிர்க்கரை மங்கலாகத் தெரிகிற ஒரு பெரிய குளத்தை ஒட்டிய ஊர். அந்தப் பெயரை நான் இங்கே எழுதவில்லை.

"பிள்ளைகளுக்கு ஒண்ணும் ஆகாதா?" என்று கேட்டேன்.

"ஒண்ணும் ஆகாதாம் அக்கா" என்றாள் கமலம்.

தொட்டில் கயிற்றை நான் பிடித்து நிறுத்தினேன். குழந்தை விழித்துக்கொண்டான். ஏன் நிறுத்தினேன் என்று அவளுக்குப் புரியவில்லை. அவளுக்குச் சொன்னதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

என் படிப்பையும் பயிற்சியையும் பற்றிப் பெரிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. பாளையங்கோட்டையில் பள்ளிப் படிப்பு. பிறகு சென்னையில் சுகாதாரப் பயிற்சி. விடுதிச் சாப்பாடும், கையெழுத்து நன்றாக இருந்ததற்காக வாங்கிய பாராட்டும்தான் நினைவில் நிற்கின்றன. கல்யாணம் ஆனதும் தென்காசிக்கு வந்தேன். உலக யுத்தம் நடந்த காலம். மலையடிவாரத்து ஊர்களில் குளிர்காய்ச்சல் பரவியிருந்தது. குற்றாலத்துக்குச் சீசனுக்கு வந்துபோகிறவர்கள் காய்ச்சலோடு திரும்புகிறார்கள் என்று பேச்சு எழுந்த பிறகுதான் தென்காசியில் மலேரியா ஆபீஸ் ஒன்றைத் திறந்தார்கள். வீடுகளுக்குள் போய்ப் பெண்களையும் குழந்தைகளையும் பார்க்க ஒரு பெண் வேண்டியிருந்தது. என்னை எடுத்துக்கொண்டார்கள்.

வேலை இரண்டு வகை. ஒன்று, குழந்தைகளின் வயிற்றைத் தடவிப் பார்ப்பது. பிள்ளையை மல்லாக்கப் படுக்கவைத்து, முழங்காலை மடக்கச் சொல்லி, "சாப்பிட்டியாலே, என்ன குழம்பு?" என்று பேச்சுக் கொடுத்துக்கொண்டே இடது விலாவுக்குக் கீழே விரல்களை மெல்ல வைக்க வேண்டும். பிள்ளை மூச்சை இழுக்கும்போது விரலில் கெட்டியாக ஒன்று வந்து முட்டினால் மண்ணீரல் வீங்கியிருக்கிறது. பழைய காய்ச்சல் உள்ளே இருக்கிறது. வயிறு கூசிச் சிரிக்கிற பிள்ளையிடம் ஒன்றும் தெரியாது. சிரித்து முடிக்கும்வரை காத்திருக்க வேண்டும்.

இரண்டாவது, தண்ணீரைப் பார்ப்பது. நீண்ட காம்பு வைத்த வெள்ளை எனாமல் கரண்டியைச் சாய்வாகத் தண்ணீரில் விட்டு, அலை எழாமல் மொண்டெடுக்க வேண்டும். நம் நிழல் தண்ணீரில் விழுந்தால் புழு அடியில் போய்விடும். வெள்ளைக் கரண்டியில் கூத்தாடிப் புழு தலைகீழாகத் தொங்கினால் அது வேறு கொசு. நீர்மட்டத்தோடு படுத்தாற்போல் கிடந்தால் நாங்கள் தேடுகிற கொசு. படுத்த புழுவைப் பார்த்த நாட்களில் நான் வீட்டுக்கு வந்ததும் என் மகளின் விலாவுக்குக் கீழே விரலை வைத்துப் பார்ப்பேன். அப்போது அவள் தவழ்ந்துகொண்டிருந்தாள். அவள் சிரிப்பாள். சிரித்ததால் தெரியவில்லையா, வீக்கம் இல்லாததால் தெரியவில்லையா என்ற சந்தேகத்தில் மறுபடி வைத்துப் பார்ப்பேன்.

எங்கள் டாக்டர் தஞ்சாவூர்ப் பக்கத்துக்காரர். குற்றாலத்தில் ஒரு சின்ன வீட்டில் தனியாகக் குடியிருந்தார். மெலிந்த உருவம், வெயிலுக்கு ஒரு தொப்பி. அவர் குரலை உயர்த்தி நான் கேட்டதில்லை, சிரித்தும் பார்த்ததில்லை. யார் எதைச் சொன்னாலும் ஒரே கேள்வி கேட்பார்: "கண்டதா, கேட்டதா?"

"மேலத்தெருவில் மூன்று பேருக்குக் காய்ச்சல் சார்."

"கண்டதா, கேட்டதா?"

கேட்டது என்றால் திரும்பிப் போய்க் கண்டுவிட்டு வர வேண்டும். கோபிக்க மாட்டார், வண்டியைத் திருப்பச் சொல்வார், அவ்வளவுதான். எண்ணெய் அடிக்கிற மைதீன் அண்ணன் அவருக்கு 'கண்டதா கேட்டதா ஐயா' என்றே பெயர் வைத்திருந்தார். டாக்டருக்கு இன்னொரு பழக்கமும் உண்டு. எந்த வீட்டுக்குப் போனாலும், அது எவ்வளவு ஏழை வீடானாலும், இறங்கும்போது வாசலில் நின்று அந்த வீட்டுப் பெண்ணைப் பார்த்து "வரேம்மா" என்று சொல்லிவிட்டுத்தான் தொப்பியைப் போடுவார். மருந்து கசப்பு என்று துப்பிய வீடுகளில்கூட அந்தச் சொல்லுக்காக எங்களை மறுபடி உள்ளே விட்டார்கள்.

அந்தக் குளத்து ஊருக்கு நான் முதலில் போனது மழைக்காலத்தில். மலையில் பெய்த மழை கால்வாய் கால்வாயாக இறங்கிக் குளம் நிறைந்துகொண்டிருந்தது. தண்ணீருக்குள் தூரத்தில் கருவேல மரங்கள் இடுப்பளவு மூழ்கி நின்றன. அங்கே எனக்குப் பழக்கமானவள் பிச்சம்மாள். என் வயதுதான். என் மகள் வயதில் அவளுக்கு ஒரு மகன். அவன் விலாவுக்குக் கீழே விரல் வைத்ததும் தெரிந்துவிட்டது. கெட்டியாக இருந்தது.

"நல்லாப் பாருங்க அக்கா, நேத்துத் தின்ன பனங்கிழங்கா இருக்கும்" என்றாள்.

"பனங்கிழங்கு இந்தப் பக்கம் வராது."

"அப்ப மருந்தைக் குடுங்க. கசப்பா இருந்தா நீங்கதான் ஊட்டணும். நான் ஊட்டுனா என்னைக் கடிப்பான்."

அன்று பேச்சோடு பேச்சாக அவள் சொன்னாள்: "தை பொறந்தா எங்க ஊருக்குப் பிள்ளைங்க பேறுகாலத்துக்கு வந்திரும் அக்கா. அப்ப இங்கன வேட்டுக் கிடையாது, மேளம் கிடையாது. தீவாளிக்கே நாங்க வெடி போட மாட்டோம். சத்தம் பழகிட்டுன்னா பொறவு தையில வராதுல்லா."

கட்டிக்கொடுத்த பெண்கள் தாய்வீட்டுக்கு வருவதைச் சொல்கிறாள் என்று நினைத்தேன். எங்கள் பக்கத்தில் ஆள் என்றாலும் மாடு என்றாலும் பேச்சில் "வருது, போவுது" என்று வந்துவிடும். எனக்கு அதில் ஒன்றும் உறுத்தவில்லை. நல்ல ஊர், பிள்ளைத்தாய்ச்சிகளுக்காக வெடிகூடப் போடாமல் இருக்கிறார்களே என்று வீட்டில் வந்து சொன்னேன். டாக்டரிடமும் சொன்னேன். அவர் தலையை ஆட்டினார். அவர் என்னிடம் 'கண்டதா, கேட்டதா' என்று கேட்காத ஒரே சமயம் அதுதான்.

மழை ஓய்ந்ததும் காய்ச்சல் ஏறியது. குளத்தின் கரையோரத்தில், புல் மண்டிய இடங்களிலும், கரைக்கு மண் வெட்டிய குழிகளிலும் படுத்த புழு கிடைத்தது. நானே மொண்டு பார்த்தேன், சந்தேகமில்லை. எண்ணெய் அடிப்பது என்று டாக்டர் முடிவு செய்தார். ஊரைக் கேட்காமல் தண்ணீரில் கை வைக்க மாட்டார். ஆகவே ஊர்ச்சாவடியில் நாட்டாமையையும் மற்றவர்களையும் கூட்டினார். தை பாதிக்கு மேல் ஆகியிருந்தது. கருவேல மரங்கள் வெள்ளை வெளேரென்று பறவைகளால் நிறைந்திருந்தன. அன்று எல்லோரும்தான் அதைப் பார்த்தோம். மைதீன் அண்ணன் "கொத்துக் கொத்தாப் பருத்தி வெடிச்சாப்பில இருக்கு" என்றுகூடச் சொன்னார்.

நாட்டாமை கேட்டார்: "எண்ணெய் ஊத்த வேண்டாங்கல ஐயா. காய்ச்சல் எங்க வீட்டுலயும்தான் கிடக்கு. ஆனா இப்பம் பிள்ளைங்க வந்திருக்க நேரம். பேறுகாலம். அதுகளுக்கு எதுவும் ஆகுமா?"

"மண்ணெண்ணெய் வாடை கொஞ்சம் இருக்கும். குழந்தைகளுக்கு ஒன்றும் செய்யாது" என்றார் டாக்டர்.

பெண்கள் பக்கமிருந்து பிச்சம்மாள் எழுந்தாள். "பச்சைப் பிள்ளைங்க ஐயா. சிலது இன்னும் கண்ணே தொறக்கல. அதுகளுக்கும் ஆகாதுல்லா?"

டாக்டர் அவளைப் பார்த்து, வழக்கத்தைவிடக் கொஞ்சம் உரக்கவே சொன்னார்: "ஒரு பிள்ளைக்கும் ஒன்றும் ஆகாதும்மா. நான் பொறுப்பு."

பிச்சம்மாள் என் முகத்தைப் பார்த்தாள். நானும் தலையாட்டினேன். ஊர் சரி என்றது.

எண்ணெய் கரையோரம் மட்டும்தான். மைதீன் அண்ணனும் ஆட்களும் டப்பாவை முதுகில் கட்டிக்கொண்டு கரையை ஒட்டி நடந்து அடித்தார்கள். புல் மண்டிய இடங்களில் எண்ணெயில் ஊறிய மரத்தூளைச் சாக்கில் கட்டிக் கல்லோடு தண்ணீரில் இறக்கிவிட்டார்கள். அது சொட்டுச் சொட்டாக மேலே வந்து பரவும். வடகரையில்தான் சாக்குகள் அதிகம். சாயங்காலம் வாடைக்காற்று எழுந்தது. காற்றைப் பற்றி அன்று யாராவது பேசினோமா என்று நினைத்து நினைத்துப் பார்க்கிறேன். பேசியதாக நினைவில்லை.

அதற்குப் பிறகு சில நாட்கள் கழித்து, காலையில் ஆபீஸ் திறந்து கொஞ்ச நேரத்தில் பிச்சம்மாளின் புருஷன் சுடலைமுத்து சைக்கிளில் வந்தான். வாசலிலேயே ஒரு காலை ஊன்றி நின்றான்; சைக்கிளை விட்டு இறங்கவில்லை.

"குளத்துல பிள்ளைங்க செத்துச் செத்து விழுது ஐயா."

டாக்டர் எழுந்து நின்றார். "கண்டதா, கேட்டதா?"

"கண்டேன் ஐயா. இந்தக் கையாலதான் எடுத்துக் கரையில போட்டேன்."

"எத்தனை?"

"எண்ண மனசு வரல" என்றான். சைக்கிளைத் திருப்பிக்கொண்டு போய்விட்டான்.

அதன் பிறகு டாக்டர் செய்த ஒவ்வொன்றும் எனக்குத் துல்லியமாக நினைவிருக்கிறது. வயிற்றைக் கழுவும் குழாயை எடுத்துச் சுற்றினார். கரித்தூள் புட்டியை எடுத்தார். ஊசி மருந்துப் பெட்டியைத் திறந்து பார்த்து மூடி, மறுபடி திறந்து பார்த்தார். குதிரைவண்டியில் ஏறினோம். மைதீன் அண்ணன் வண்டிக்காரன் பக்கத்தில் உட்கார்ந்தார்.

சாதாரணமாக நாங்கள் எண்ணெய்தான் அடிப்போம். ஆனால் ஆபீஸில் பச்சைத்தூள் என்று இன்னொன்றும் இருந்தது. அதில் பாஷாணம் கலந்திருக்கும். அதைப் பூட்டித்தான் வைப்போம்.

"மைதீன்" என்றார் டாக்டர். "பச்சைத்தூள் டப்பாவை எடுத்தாயா?"

"இல்லைய்யா."

"எண்ணெய் டப்பாவில் அது ஒட்டியிருந்திருக்குமா?"

"டப்பாவே வேற ஐயா. அல்லா சத்தியமா."

கொஞ்ச தூரம் போனதும் டாக்டர் அதே கேள்வியை மறுபடி கேட்டார். மைதீன் அண்ணன் அதே பதிலைச் சொன்னார். மூன்றாவது முறை கேட்டபோது மைதீன் அண்ணன் துண்டால் முகத்தைத் துடைத்தார். அவர் தோள் குலுங்கியது. அந்தக் குளத்தில்தான் ஊர் குளிக்கிறது, குடிக்கிறது. பிச்சம்மாளின் மகனுக்கு நான் மருந்து ஊட்டும்போது அவன் என் விரலைக் கடித்த இடத்தைத் தடவிக்கொண்டே இருந்தேன். என் மகளுக்குப் பால் கொடுக்கும் நேரம் தாண்டி ரவிக்கை நனைந்துவிட்டது. சேலையை இழுத்து மூடிக்கொண்டேன். சாவடியில் நான் தலையாட்டியது மட்டும் திரும்பத் திரும்பக் கண்ணில் வந்தது.

குளத்தங்கரையில் பெண்கள் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். தலைமுடியை அவிழ்த்துப் போட்டிருந்தார்கள். யாரும் அழவில்லை. அவர்களுக்கு முன்னால் பழைய வேட்டிகளை விரித்து, அதன்மேல் எதையோ வரிசையாகக் கிடத்தி, மேலே துணி போட்டு மூடியிருந்தார்கள். மூடியிருந்தவை சின்னச் சின்னதாக இருந்தன. டாக்டர் போய் முழங்காலிட்டுத் துணியை விலக்கினார்.

பறவைக் குஞ்சுகள். இறகு முளைக்காதவை, பாதி முளைத்தவை, பெரிய அலகும் மெல்லிய கழுத்துமாக. எல்லாவற்றின் மேலும் கறுப்பாக எண்ணெய்ப் பிசுக்கு. வாடைக்காற்று எண்ணெயைக் குளத்துக்குள் தள்ளியிருக்கிறது. தாய்ப்பறவைகள் அதில் இரை எடுத்து, நெஞ்சில் எண்ணெயோடு கூட்டுக்குப் போய்க் குஞ்சுகளை அணைத்திருக்கின்றன.

"பறவையா?" என்றார் டாக்டர். "பறவைக் குஞ்சா?"

அப்படியே கரையில் உட்கார்ந்தார். தொப்பியைக் கழற்றினார். பிறகு சிரித்தார். நான் ஒருநாளும் கேட்டிராத சிரிப்பு. அடக்க முடியாமல், மூச்சு முட்ட, கண்ணில் நீர் வழிய, தொப்பியால் முகத்தை மூடிக்கொண்டு சிரித்தார். வண்டியில் அவர் பட்ட பாட்டைப் பார்த்த எனக்கு அது என்ன சிரிப்பு என்று தெரியும். கரையில் உட்கார்ந்திருந்தவர்களுக்குத் தெரியாது.

பிச்சம்மாள் என்னைத்தான் பார்த்தாள். மெதுவாகக் கேட்டாள்: "சிரிக்காரே அக்கா?"

நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

"நீங்கல்லாம் சேர்ந்துதானே சொன்னீங்க, ஒரு பிள்ளைக்கும் ஒண்ணும் ஆகாதுன்னு."

டாக்டரின் சிரிப்பு நின்றது. அந்தச் சொல் சாவடியில் எப்படிக் கேட்கப்பட்டது, எப்படிப் பதில் சொல்லப்பட்டது என்பது அவருக்கு அந்த நிமிஷத்தில் விளங்கியிருக்க வேண்டும். எனக்கும் அப்போதுதான் விளங்கியது. அந்த ஊர் எங்களிடம் எதையும் மறைக்கவில்லை. 'பிள்ளைங்க வந்திருக்கு' என்று அவர்கள் மரத்தைப் பார்த்துச் சொன்னார்கள். நாங்கள் வீடுகளைப் பார்த்துக் கேட்டுக்கொண்டோம். நான்கு பேர் நடுவில் ஒரே வார்த்தையை வைத்து ஒப்பந்தம் பேசியிருக்கிறோம்.

அடுத்த முறை நான் போனபோது ஊரில் ஒரு கதவும் திறக்கவில்லை. பிச்சம்மாளின் மகனுக்கு மறுபடி குளிர்காய்ச்சல் கண்டிருப்பதாகச் சுந்தரபாண்டியபுரத்தில் ஒருத்தி சொன்னாள். அவனுக்குக் கொய்னா மருந்து நடுவில் நிற்கக் கூடாது. கதவைத் தட்டினேன். உள்ளே பிள்ளையின் பல் கிட்டுகிற சத்தம் எனக்குக் கேட்டது. அவள் திறக்கவில்லை.

நாட்டாமையிடம் போனேன். அவர் கோபப்படவில்லை. "துட்டி விழுந்த வீட்டுக்கு வந்தா முதல்ல துட்டி கேக்கணும் தாயி. மருந்துப் பொட்டியைத் தூக்கிக்கிட்டு நேரா அடுப்படிக்கு வரலாமா?" என்றார். துட்டி என்றால் எங்கள் பக்கத்தில் சாவு. துட்டி கேட்பது என்றால் துக்கம் விசாரிப்பது.

டாக்டரிடம் போய்ச் சொன்னேன். "கண்டதா, கேட்டதா?" என்றார். கேட்டதுதான், நாட்டாமை வாயால் கேட்டது என்றேன். பேனாவை மூடி வைத்தார். பறவைக்காகத் துக்கம் விசாரிக்கப் போவதா என்று அவர் மறுத்தால் என்ன சொல்வது என்று மனசுக்குள் வார்த்தைகளைத் தேடிக்கொண்டிருந்தேன். அவர் ஒரு புது மருந்தின் அளவைக் கேட்கிற மாதிரி கேட்டார்:

"அங்கே போய் என்ன சொல்ல வேண்டும்?"

"ஒன்றும் சொல்லக் கூடாது சார். போய் உட்கார வேண்டும்."

"எவ்வளவு நேரம்?"

"கொஞ்ச நேரம்."

"பிறகு?"

"எழுந்து வந்துவிட வேண்டும். 'போயிட்டு வாரேன்' என்று சொல்லக் கூடாது. சாவு வீட்டில் அப்படிச் சொன்னால் இன்னொரு சாவுக்கு வருவதாக அர்த்தம்."

"சொல்லக் கூடாது" என்று அவர் தனக்குத்தானே ஒருமுறை சொல்லிக்கொண்டார்.

மறுநாள் போனோம். பெட்டி இல்லை, கரண்டி இல்லை. தொப்பியை வண்டியிலேயே வைத்துவிட்டார். சாவடிக்கு வெளியே ஆண்களும், குளத்தங்கரைப் பக்கமாகப் பெண்களும் உட்கார்ந்திருந்தார்கள். டாக்டர் தரையில் உட்கார்ந்தார். மைதீன் அண்ணன் துண்டைத் தலையில் போட்டுக்கொண்டு அவர் பின்னால் உட்கார்ந்தார். நான் பெண்களோடு உட்கார்ந்தேன். மகன் பிச்சம்மாளின் மடியில் சுருண்டு கிடந்தான். அவன் நெற்றியில் கை வைக்க வேண்டும் என்று என் கை துடித்தது, வைக்கவில்லை. யாரும் பேசவில்லை. மரங்களில் பாதிக் கூடுகள் காலியாக இருந்தன. மிச்சமிருந்த பறவைகளும் சத்தமில்லாமல் இருந்தன, அல்லது எனக்குத்தான் கேட்கவில்லை.

டாக்டர் எழுந்தார். எல்லாம் முறைப்படி நடந்துவிட்டது என்று நான் மூச்சு விட்டேன். அவர் பெண்கள் இருந்த பக்கத்தைக் கடக்கும்போது, எத்தனையோ வருஷத்துப் பழக்கம், பிச்சம்மாளைப் பார்த்து நின்று, "வரேம்மா" என்று சொல்லிவிட்டார்.

சொன்ன பிறகுதான் அவருக்கே உறைத்தது. வாயைக் கையால் பொத்திக்கொண்டார். ஒரு பெண் "அட பாவி மனுசா" என்று முணுமுணுத்தாள். நாட்டாமை எழுந்துவிட்டார். மடியில் காய்ச்சலோடு பிள்ளையை வைத்திருப்பவளிடம் போய் அந்தச் சொல்லைச் சொல்லிவிட்டாரே என்று நானும் எழுந்துவிட்டேன்.

பிச்சம்மாள் மகனை இறுக்கிக்கொண்டாள். டாக்டரின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு சொன்னாள்: "வாங்க. வருற தைக்கு வாங்க. பிள்ளைங்க வருதான்னு நீங்களும் வந்து நின்னு பாருங்க."

அது சாபமா, அழைப்பா? இரண்டும்தான் என்று இப்போது நினைக்கிறேன். டாக்டர் "சரிம்மா" என்றார். பிச்சம்மாள் என் பக்கம் திரும்பி, "மருந்து எங்க அக்கா, கையை வீசிக்கிட்டு வந்திருக்கீங்க?" என்றாள். வண்டிக்கு ஓடினேன். பெட்டியைக் கொண்டுவரவில்லை என்றாலும் சேலைத் தலைப்பில் நான் மருந்தை முடிந்து வைத்திருந்தேன். முடிச்சை அவிழ்க்க ஞாபகம் வந்தபோது பாதி தூரம் ஓடிவிட்டேன்.

அன்றிலிருந்து குளத்து வேலையே மாறியது. சாக்குகளை வெளியே எடுத்தோம். எண்ணெய்ப் படலத்தை எடுக்க டாக்டர் ஒரு வழி செய்தார். வைக்கோலைக் கை கனத்துக்குக் கயிறுபோலப் பிரியாகத் திரித்து, ஒன்றோடொன்று முடிந்து, தண்ணீரின் மேல் மிதக்கவிட்டு, இரண்டு பக்கமும் ஆட்கள் நின்று கரையை நோக்கி மெதுவாக இழுக்க வேண்டும். வேகமாக இழுத்தால் எண்ணெய் அடியில் நழுவிவிடும். கறுத்த பிரியை மேட்டில் போட்டு எரித்துவிட்டுப் புதுப் பிரி. ஊரே வைக்கோல் தந்தது. எண்ணெய்க்குப் பதிலாகக் கரைக்குழிகளை மண்ணால் மூடினோம். கரையோரப் புல்லை அறுத்து மீன் ஒதுங்க வழிவிட்டோம். புழுவை மீன் பார்த்துக்கொண்டது. காய்ச்சல் ஒரேயடியாகப் போகவில்லை. குறைந்தது. பிச்சம்மாளின் மகன் பிழைத்தான்.

ஆனால் அடுத்த தையில் பறவைகள் வரவில்லை.

டாக்டர் சொன்னபடியே வந்தார். கரையில் நின்றார். அந்தத் தீபாவளிக்கும் ஊர் வெடி போடவில்லை. பொங்கலுக்கு மேளம் அடிக்கவில்லை. மரங்கள் மொட்டையாக நின்றன. அந்தச் சமயம் பார்த்துக் கரி வியாபாரி ஒருவன் வந்தான். பெட்ரோல் இல்லாமல் பஸ்கள் எல்லாம் கரியில் ஓடிய காலம். கருவேலக் கரிக்கு ஏக கிராக்கி. பறவைதான் போய்விட்டதே, மரத்தைக் குத்தகைக்கு விடலாமே என்று மேலதிகாரிகளிடம் மனுப் போட்டிருந்தான்.

பிச்சம்மாள் அவனிடம் கேட்டாள்: "ஒரு வருசம் பிள்ளைங்க வரலன்னா தாய்வீட்டை இடிச்சிருவாங்களாவே?"

அவன் சிரித்தான். டாக்டர் சிரிக்கவில்லை. விசாரணைக்கு வந்த அதிகாரியைக் குளத்துக்குள் கூட்டிப்போய், மரத்தை வேரோடு பிடுங்கினால் ஒவ்வொரு வேர்க்குழியிலும் தண்ணீர் தேங்கும், ஒவ்வொரு குழியும் கொசுவுக்குத் தொட்டில், இந்த ஊரின் காய்ச்சலுக்கு நான்தான் பொறுப்பாளி, ஆகவே ஒரு மரத்தையும் தொடக் கூடாது என்றார். அதிகாரி போன பிறகு என்னிடம், "அதுவும் உண்மைதான்" என்றார். பறவைக்காகப் பேசினாலும் பொய் சொல்லவில்லை என்று எனக்கு மட்டும் தெரிந்தால் போதும் என்பது போல இருந்தது. மரங்கள் தப்பின.

அதன் பிறகு எனக்கு இரண்டாவது பிள்ளை உண்டாயிற்று. வேலையை விட்டேன். டாக்டருக்கும் வேறு ஊருக்கு மாற்றலாகிவிட்டது. அடுத்த தையில் நான் பாளையங்கோட்டையில் தாய்வீட்டில் இருந்தேன், பேறுகாலத்துக்காக. பையன் பிறந்து சில நாட்களில், ஆஸ்பத்திரிக்கு ஏதோ வேலையாக வந்த பிச்சம்மாளின் புருஷன் சுடலைமுத்து எங்கள் வீட்டு வாசலில் வந்து நின்றான்.

"பிள்ளைங்க வந்திருக்கு. உங்ககிட்டச் சொல்லச் சொன்னா."

படுத்திருந்தவள் எழுந்து உட்கார்ந்தேன். "நீ கண்டதா, அவ சொல்லிக் கேட்டதா?"

"இதைக் கேப்பீங்கன்னு சொன்னா. பேறுகாலம் முடிஞ்சு புருசன் வீட்டுக்குப் போற வழியில குளத்துல இறங்கி அக்காவே கண்டுட்டுப் போகட்டும்ன்னா."

போனேன். முன்போல நிறையவில்லை, மரங்களில் அங்கங்கேதான் வெள்ளை தெரிந்தது. கரையில் ஏற்கெனவே ஒருவர் தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றிருந்தார். அவருக்கும் செய்தி போயிருந்தது; லீவு போட்டு ரயிலேறி வந்திருந்தார் டாக்டர். என் கையிலிருந்த பையன் வீறிட்டான். கரையில் நின்ற அத்தனை பேரும் ஒரே நேரத்தில் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். பிச்சம்மாள், "ஏ அக்கா, அவன் வாயை மூடுங்க, அங்கன பிள்ளைங்க உறங்குது" என்றாள். நான் அவனை மார்போடு சேர்த்துக்கொண்டேன்.

டாக்டர் கரையை விட்டு இறங்கும்போது பிச்சம்மாளிடம் "வரேம்மா" என்றார். இந்த முறை வாயைப் பொத்தவில்லை.

இவ்வளவையும் கேட்டுவிட்டுக் கமலம் சொன்னாள்: "நான் சின்ன உத்தியோகக்காரி அக்கா. புது ஆபீசர்கிட்ட என்னன்னு போய்ச் சொல்ல?"

"ஒன்றும் சொல்ல வேண்டாம். பொடி தூவினால் பிள்ளைகளுக்கு ஒன்றும் ஆகாது என்கிறாரே, எந்தப் பிள்ளைகளுக்கு என்று மட்டும் கேட்டு வா."

நேற்று மறுபடி வந்தாள். தொட்டில் பக்கம் போகவில்லை. வாசலிலேயே நின்றாள்.

"கேட்டேன் அக்கா. குளத்துப் பறவைகளையும் சேர்த்துத்தான் கேக்கேன்னேன்."

"என்ன சொன்னார்?"

"சிரிச்சார்."

புது ஆபீசர் நல்லவராகவும் இருக்கலாம்; எங்கள் டாக்டரும் நல்லவர்தான். தை பிறக்க இன்னும் நாள் இருக்கிறது. நாளைக் காலையில் பையனை இடுப்பில் தூக்கிக்கொண்டு ஆபீசுக்குப் போகப் போகிறேன். வேலையில் இல்லாதவள் எந்த முறையில் வந்தாய் என்று கேட்டால் என்ன சொல்வது என்று இன்னும் யோசித்துக்கொண்டுதான் இருக்கிறேன். ஆனால் அவர் சிரிக்கிற சிரிப்பு எங்கள் வீட்டுப் பக்கத்து ஆபீசிலேயே முடியட்டும். அந்தக் குளத்தங்கரையில் அதை இன்னொரு முறை யாரும் கேட்கக் கூடாது.